பூனைக்குத் தோலடி நீர்: எங்கே, எதை, எவ்வாறு?

பூனை பத்துப் பன்னிரண்டு வயதைக் கடக்கும் காலத்தில், தண்ணீர்க் கிண்ணத்தண்டை அது நிற்கும் நேரம் மிகுவதும், தடவிக்கொடுக்கும் கைக்கு அதன் முதுகெலும்பு தட்டுப்படத் தொடங்குவதும் ஒருங்கே நேரிடுமானால், அதை மூப்பின் தளர்ச்சியென்று விட்டுவிடாமல், சிறுநீரகம் கெட்டுவருகிறதோ என்று சந்தேகிப்பது நலம். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் சந்ததியாகையால், கிடைத்த ஜலத்தைச் சரீரத்திலேயே நிறுத்திக்கொண்டு கழிவை மட்டும் செறிந்த சிறுநீராக வெளியேற்றும் வல்லமை பூனைக்குப் பிறவியிலேயே வாய்த்தது. அவ்வல்லமை நசிக்க நசிக்க, எவ்வளவு குடித்தாலும் குடித்ததெல்லாம் கழிந்துபோக, உடல் உள்ளே வறண்டுகொண்டே வருகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயர்ந்து காட்டுவதற்குள் சிறுநீரகத்தின் உழைக்கும் பகுதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழிந்துவிட்டிருக்கும் என்பதால், நோய் தெரியவரும் நாள் நோய் தொடங்கிய நாளன்று. திருநெல்வேலியின் பாளையங்கோட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் இப்போது மாடி வீடுகளில் வளரும் பெர்ஷியன் பூனைகளுக்கோ, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் ஒன்று இருப்பதால், இந்நிலை இன்னும் இளமையிலேயே வருதலும் கூடும்.

இத்தகைய பூனைகளுக்கு மருத்துவர் சொல்லும் உபாயங்களுள் ஒன்று, தோலுக்கும் தசைக்கும் இடையில் உள்ள தளர்ந்த இடத்தில் உப்புநீரை ஏற்றி, உடல் தன் வேகத்தில் அதை உறிஞ்சிக்கொள்ள விடுவது. இது பிராணிகளுக்கென்று புதிதாகக் கண்டதன்று. 1865-இல் இத்தாலிய மருத்துவர் கண்டானி காலராக் கண்ட மனிதர்களுக்கே இதைச் செய்தார். நரம்பில் ஏற்றும் முறை எளிதாகிய பின் மனித வைத்தியத்தில் பின்தங்கிப்போன இம்முறை, படுக்கையில் கிடக்கும் முதியோர்க்கென இப்போது மீண்டும் ஆங்காங்கே வந்திருக்கிறது. நரம்பைத் தேட வேண்டியதில்லை, சிறு காற்றுக்குமிழி உள்ளே போனாலும் உயிருக்கு அபாயமில்லை என்னும் இரண்டு காரணங்களால், மருத்துவர் ஒருமுறை கைபிடித்துக் காட்டிவிட்டால், வைத்திய சாஸ்திரம் அறியாத குடும்பத்தாரும் வீட்டிலேயே இதைச் செய்துவர முடிகிறது. முடிகிறது என்பதனாலேயே எல்லாப் பூனைக்கும் இது தகும் என்று ஆகிவிடாது. முதலில் தீர்மானிக்க வேண்டியது அதைத்தான்.

மூன்று பூனைகளுக்கு வீட்டில் நீர் ஏற்றலாகாது. முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் இறங்காத ஆண் பூனை முதலாவது. அதன் குழாய் அடைத்திருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து நீர் சேர்ப்பது கேட்டை விரைவுபடுத்துவதேயாகும். ஒரு நாள்கூடத் தாமதியாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது. காதும் பாதமும் சில்லிட்டு, தலை தூக்க மாட்டாமல் கிடப்பது இரண்டாவது. அந்நிலையில் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் சுருங்கிவிடுவதால், ஏற்றிய நீர் ஏற்றிய இடத்திலேயே தங்குமேயன்றி உட்செல்லாது. நரம்பில் ஏற்றுவதொன்றே வழி. இருதய நோயுள்ளது மூன்றாவது. பூனைகளுக்கு இருதயத் தசை தடித்துப்போகும் வியாதி வெளிக்குத் தெரியாமலே இருக்கக்கூடுமாதலால், நீர் ஏற்றத் தொடங்கும்முன் மார்பை நன்கு பரிசோதித்து வைத்துக்கொள்ளுதல் அவசியம்.

இம்மூன்றும் இல்லாதபோதுதான் மருத்துவமனையா வீடா என்ற கேள்வி பொருளுடையதாகிறது. சங்கரன்கோவில் சாலையில் ராமையன்பட்டியில், 2012-இல் தொடங்கப்பெற்ற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலிக்கு வாய்த்திருப்பது பெரிய அனுகூலம்; மாட்டாஸ்பத்திரி என்றே மக்கள் வழங்கும் அரசு மருந்தகங்களில் பூனையைக் கண்டு புன்னகைத்து அனுப்பிய காலம் போய், இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கற்றவர் மேற்பார்வையில் நடக்கும் காலம் வந்திருக்கிறது. ஆயினும், ஒருநாள் விட்டு ஒருநாள், மாதக்கணக்கில் நடக்க வேண்டிய சிகிச்சைக்காக, ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரத்து அம்பாசமுத்திரத்திலிருந்து கூடையில் அடைத்த பூனையைப் பேருந்தில் கொண்டுவந்து, நாய்கள் குரைக்கும் திண்ணையில் காத்திருந்து, மாலையில் திரும்பக் கொண்டுசெல்வது, சிகிச்சையால் விளையும் நன்மையைப் பயணத்தின் பீதியிலேயே கரைத்துவிடும். பூனையின் சுபாவம் அப்படி: இடம் மாறினால் சோறு மறுப்பது, சிறுநீரக நோயில் சோறு மறுப்பதே பாதி வியாதி. ஆகவே நோயை நிர்ணயிப்பதும், முதல் சில நாட்கள் நரம்பில் ஏற்றி நிலைப்படுத்துவதும், மாதம் ஒருமுறையோ மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ இரத்தத்தைச் சோதிப்பதும் மருத்துவமனைக்குரியவை. இடையிலுள்ள நாட்களின் நீர் வீட்டுக்குரியது. ஊரிலேயே, நடந்துபோகும் தூரத்தில், பொறுமையுள்ள மருத்துவர் ஒருவர் இருந்து, வீட்டில் பிடிப்பதற்குத் துணையும் இல்லாதவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

கிரியாட்டினின் அளவைக்கொண்டு இந்நோயை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிப்பதுண்டு: டெசிலிட்டருக்கு 1.6 மில்லிகிராமுக்குக் குறைவாயின் முதல் நிலை, 2.8 வரை இரண்டாவது, 5 வரை மூன்றாவது, அதற்கு மேற்பட்டது நான்காவது. முதல் இரு நிலைகளில், தானாகவே குடித்து, தின்று, எடை குன்றாமலிருக்கும் பூனைக்கு ஊசி அவசியமே இல்லை. நீரை உணவின் வழியாகச் சேர்ப்பதே அங்கு மேலான தேர்வு. தூத்துக்குடியிலிருந்து வரும் சாளையையும் நெத்திலியையும் உப்பிடாமல் வேகவைத்து, வெந்த நீரையும் வடிக்காமல் சேர்த்துக் குழைத்து வைத்தால், கிண்ணத்தைத் திரும்பிப் பாராத பூனையும் கணிசமான ஜலத்தை உட்கொண்டுவிடும். வெங்காயமும் பூண்டும் அதில் கூடவே கூடாது. கருவாடு, பூனை எவ்வளவு கெஞ்சினாலும், உப்பின் பொருட்டும் பாஸ்பரஸின் பொருட்டும் விலக்கத்தக்கது. மூன்றாம் நிலையிலும் நான்காம் நிலையிலும், உடல் வறட்சி கண்கூடாகத் தெரியும்போதுதான் ஊசிக்கு வேலை வருகிறது. அப்போதும் அது ஆயுளை இவ்வளவு நீட்டும் என்று கணக்குப் பார்ப்பதைவிட, பசி திரும்புகிறதா, தன் ரோமத்தைத் தானே நக்கிச் சீர்செய்கிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

இனி, எந்த நீர் என்பது. மருந்துக்கடையில், "அண்ணாச்சி, பூனைக்கு ஏத்த ஒரு குளுக்கோஸ் பாட்டில் குடுங்க" என்று கேட்பவரைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஏற்றுகிற நீரெல்லாம் நம் பேச்சில் குளுக்கோஸாகவே இருப்பதால், கடைக்காரர் கேட்டதையே எடுத்துக் கொடுத்துவிட்டால் அனர்த்தம். டெக்ஸ்ட்ரோஸ் என்ற பெயர் அச்சிட்ட எந்தப் பாட்டிலும், அது 5 சதவிகிதமாயினும் சலைனோடு கலந்ததாயினும், தோலடிக்கு உதவாது. சர்க்கரைநீர் உடலின் உப்புக்களைத் தன்பால் இழுத்துக்கொண்டு அங்கேயே தேங்குவதோடு, கிருமிகளுக்கு விருந்தாகிச் சீழ்க்கட்டிக்கும் இடந்தரும்.

எஞ்சி நிற்பவை இரண்டு: ரிங்கர் லாக்டேட்டும் நார்மல் சலைனும். 1880-களில் லண்டனில் தவளையின் இருதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்து ஆராய்ந்துகொண்டிருந்த சிட்னி ரிங்கர், வாலைநீருக்குப் பதிலாகக் குழாய்நீரில் கரைசல் தயாரிக்கப்பட்டதனாலேயே இருதயம் நெடுநேரம் துடித்தது என்பதைக் கண்டு, குழாய்நீரிலிருந்த கால்சியத்தின் மகிமையை உணர்ந்தார். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹார்ட்மன் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். தாமிரபரணித் தண்ணீருக்கு ருசியையும் குணத்தையும் ஏற்றிச் சொல்லும் நம்மவர்க்கு, ஓர் ஊர்த் தண்ணீர் மருந்தாகிய இந்த வரலாறு பிடித்தமாகவே இருக்கும். லாக்டேட் உடலில் மாறி, சிறுநீரக நோயால் இரத்தத்தில் மிகும் அமிலத்தைச் சற்றுத் தணிக்கிறது. இந்நோயாளிகளிடம் பெரும்பாலும் குறைந்துபோகும் பொட்டாசியமும் அதில் சிறிதளவு உண்டு. தோலுக்கடியில் எரிச்சலும் குறைவு. நார்மல் சலைனிலோ சோடியமும் குளோரைடும் அன்றி வேறொன்றுமில்லை. 100 மில்லியில் 0.9 கிராம் உப்பு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது, அறுபது கிலோ மனிதன் பதின்மூன்று கிராமுக்கு மேல் உப்புத் தின்பதற்கு ஒப்பு. எனவே பொதுவில் ரிங்கர் லாக்டேட்டே என் தேர்வு. இரத்தத்தில் கால்சியம் மிகுந்த பூனைக்கு மருத்துவர் சலைனைக் குறிப்பிட்டிருப்பாராயின் அதற்கு மறுபேச்சில்லை. பொட்டாசியம் குளோரைடு மருந்தைப் பாட்டிலில் கூடுதலாகச் சேர்க்கும் பொறுப்பு மருத்துவர் ஒருவருடையதே. வீட்டில் கலப்பது கொலைக்கு நிகர்.

பாட்டிலைத் தொங்கவிட்டு டிரிப் செட் வழியாக ஏற்றுவதா, 50 மில்லி சிரிஞ்சில் எடுத்துக் கையால் அழுத்துவதா என்பதில்தான் வீடுகளில் மிகுந்த வாதம் நடக்கிறது. இதில் நிதானமாகச் சிந்திக்க வேண்டியவை பல. டிரிப் செட்டில், ஜன்னல் கம்பியிலோ ஊஞ்சல் கொக்கியிலோ பூனைக்கு மூன்று நான்கடி மேலே பாட்டிலைக் கட்டிவிட்டால், புவியின் ஈர்ப்பே வேலை செய்ய, நம் இரு கைகளும் பூனைக்குக் கிடைக்கின்றன. நீரும் ஒரே சீராக இறங்குகிறது. அதன் குறை அளவில் இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் தானாகச் சுருங்குவதில்லையாதலால், மேற்பக்கம் காற்றுக்கென ஓர் ஊசியைக் குத்திவைக்கிறார்கள். சற்று நசுங்கினாலும் பக்கத்துக் கோடுகள் பொய் சொல்லும். பூனை நெளியும் அவசரத்தில் 100 மில்லி என்று நினைத்தது 160 ஆகிவிடுதல் எளிது. சமையலறைத் தராசில் பாட்டிலை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பது இதற்கு எளிய பரிகாரம். ஒரு மில்லி ஏறக்குறைய ஒரு கிராம். குழந்தைகளுக்கென்று விற்கும், நடுவே அளவுக் குழல் பொருத்திய செட்டை வாங்கினால் அளவு தப்பவே தப்பாது. ஆனால் அதில் ஒரு மில்லிக்கு 60 துளி என்ற கணக்கில் மெல்லவே விழுமாதலால் (சாதாரணச் செட்டில் 20 துளி), அடங்கியிருக்கும் பூனைக்கே அது ஏற்றது.

சிரிஞ்சின் சிறப்பு அந்த அளவே. இரண்டு முறை நிரப்பினால் சரியாக 100. மருத்துவமனைகளில் ஸ்கால்ப் வெயின் என்று சொல்லும், வண்ணத்துப்பூச்சிச் சிறகும் மெல்லிய குழாயும் கொண்ட ஊசியை நடுவில் பொருத்திக்கொண்டால், பூனை அசைந்தாலும் ஊசி இழுபடாது. ஆயின் கையின் அழுத்தம் ஈர்ப்பைப்போல் சமமாயிராது. அவசரப்பட்டு அழுத்தினால் தோல் விரிவதன் வலி பூனைக்குத் தெரியும். நிரப்புவதற்காகக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கிருமி புகுவதற்கு ஒரு வாயில் திறக்கிறது. கடையில் வாங்கும்போது முனையையும் கவனிக்க வேண்டும்: குழாய் வழியே உணவு ஊட்டுவதற்கான பருத்த முனைச் சிரிஞ்சில் ஊசி பொருந்தாது. பூனையைப் பிடிக்க ஒருவரும் பாட்டிலின் அளவைக் கவனிக்க ஒருவருமாக இருவர் உள்ள வீட்டில் டிரிப் செட்டும், தனியாகச் செய்பவர்க்கும் மூன்று கிலோவுக்குக் குறைந்த சிறு பூனைக்கும் சிரிஞ்சும் என்பது நான் வந்துசேர்ந்த முடிவு.

ஊசியின் பருமனைப் பற்றிச் சொல்லும்போது, மெல்லியதே கருணையுள்ளது என்று எண்ணுவது இயல்பு. அது பாதி உண்மை. குழாயின் விட்டம் பாதியானால் அதன் வழி ஓடும் நீர் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது இயற்பியல். ஆகையால் குத்தும் நொடியில் மிச்சப்படும் வலியை, பிடித்துவைத்திருக்கும் நிமிஷங்களில் பூனை திருப்பிச் செலுத்துகிறது. இளஞ்சிவப்புத் தலையுள்ள 18 எண் ஊசி 1.2 மில்லிமீட்டர் பருமன். நீர் சில நிமிஷங்களில் பாய்ந்துவிடும், ஆனால் குத்தும்போது பூனை துள்ளும், எடுத்த பின் துளை வழியே சிறிது கசியும். பச்சைத் தலை 21 எண் 0.8 மில்லிமீட்டர், குத்துவது தெரியாது, காத்திருப்பதோ நீளும். இடைப்பட்ட மஞ்சள் தலை 20 எண்ணை முதலில் முயன்று, பூனை எதற்கு அதிகம் முறைக்கிறது, குத்துக்கா காத்திருப்புக்கா, என்று பார்த்து இப்படியோ அப்படியோ மாற்றிக்கொள்ளலாம். கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்பதே பத்திரம். நரம்பில் வைக்கும் கேனுலாவில் இதே நிறங்கள் வேறு எண்களுக்கு வருவதால், 'மஞ்சள்' என்று மட்டும் கேட்டால் வேறொன்று கைக்கு வரக்கூடும். ஒரு ஊசி ஒரே குத்துக்குத்தான்; இரண்டாம் முறை அதன் கூர் மழுங்கியிருப்பதைப் பூனை அறிந்துவிடும்.

செய்முறையில் புத்தகங்கள் நீட்டுவதை நான் நீட்டப்போவதில்லை. மருத்துவர் கையைப் பார்த்தே கற்க வேண்டியது அது. தோள்பட்டைகளுக்கு இடையில் தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்க, முதுகெலும்புக்கு இணையாக உட்செலுத்துவது; அடுத்த நொடி ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது என்று அறிவது. எடுத்த பின் அவ்விடத்தை ஒரு நிமிஷம் விரல்களால் கிள்ளிப் பிடித்திருந்தால் கசிவு நிற்கும். மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆச்சி இருக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு. "எலே, பாட்டிலை அது கண்ணு முன்னால ஆட்டாத, பொறத்தால நில்லு" என்று பேரனை அதட்டிக்கொண்டே, முந்தானையால் பூனையின் முன்னங்கால்களைச் சுற்றி, நெற்றியை விடாமல் வருடிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் சாமர்த்தியத்துக்கு எந்த உபகரணமும் ஈடாகாது. நீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளச் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். சித்திரை வைகாசியில் நம்மூர் அறையின் உஷ்ணமே போதும். வெயில் படும் இடத்தில் வைத்த பாட்டிலாயின் ஆறவிடவும் வேண்டும். மார்கழி இரவுகளில் மட்டும் வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மைக்ரோவேவ் அடுப்பு கூடாது.

எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை என்பதை மருத்துவரே வகுக்க வேண்டும். நடுத்தரப் பூனைக்கு 75 முதல் 150 மில்லி வரை, தினமுமோ இரண்டு மூன்று நாளுக்கொருமுறையோ கொடுப்பது வழக்கம். ஏற்றியவுடன் முதுகில் கோயில் காளையின் திமிலைப்போல் எழும்பும் மேடு, சில மணி நேரத்தில் ஒருபக்கமாகச் சரிந்து, முன்னங்காலுக்கு இறங்கி, மறைந்துபோகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மறுநாளும் மறையாதிருந்தால், அடுத்த தவணையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். இதைவிட முக்கியமானது மூச்சு: பூனை உறங்கும்போது விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிஷம் எண்ணினால் முப்பதுக்குள் இருக்க வேண்டும், அதை மீறித் தொடர்ந்தால், அளவுக்கு மிஞ்சிய நீர் மார்பில் சேர்கிறது என்று சந்தேகித்து உடனே புறப்பட வேண்டும். பூனை சோர்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு ஐம்பது மில்லி கூட்டி ஏற்றும் அன்பைவிட, எண்ணிப் பார்த்து நிறுத்திக்கொள்ளும் கண்டிப்பு அதற்கு உதவும். வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பார்ப்பதும் இதனோடு சேர்ந்தது.

திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபடும். ஒரே நாளில் கொட்டிவிடச் சொல்வோரும் உண்டு. செட்டைக் கழற்றாமல் ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு சில நாள் பயன்படுத்த இசைவோரும் உண்டு. காற்றூசி குத்திய பாட்டில், ஆற்றங்கரை ஊர்களின் ஈரக் காற்றில், ஒரு வாரத்துக்கு மேல் தொங்குவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. பாட்டிலின் விலையையும் சீழ்க்கட்டியை அறுக்கும் செலவையும் ஒப்பிட்டால் விடை தானே தெரியும். சற்றே கலங்கியிருந்தாலும், அன்று காலை திறந்ததாயினும், கொட்டிவிட வேண்டியதுதான். பயன்படுத்திய ஊசிகளை மாநகராட்சிக் குப்பையில் போடாமல், கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, பரிசோதனைக்குப் போகும் நாளில் மருத்துவமனையிலேயே ஒப்படைப்பது தூய்மைப் பணியாளரின் கைகளுக்கு நாம் செய்யவேண்டிய கடமை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரையுடைத்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோன சமயத்தில், சாலையும் மின்சாரமும் கடையும் இல்லாமல் நாட்கணக்கில் இருந்த கீழ்க்கரை ஊர்களை நினைத்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வேண்டிய பூனையுள்ள வீட்டில் கையிருப்பு எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, ஐப்பசி பிறக்குமுன்பே மூன்று பாட்டில் ரிங்கர் லாக்டேட்டும், உறை பிரிக்காத இரண்டு டிரிப் செட்டும், பத்து ஊசிகளும் வாங்கி, காலாவதித் தேதி வெளியே தெரியும்படி ஒரு டப்பாவிலிட்டு, கட்டிலுக்கடியில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட வேண்டும். மொட்டைமாடி வெயில் இறங்கும் பரணும் அதற்கு ஆகாது.